வரைபடம் யார் கையில்?

புந்தோங்கில் கச்சாங் பூத்தே தொழில் செய்யும் அக்கா ஒருவர், தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ பட்டறையில இருந்தவன்தானே? இந்த அச்சைக் கொஞ்சம் வந்து பாரு. புதுசு. ஆனா துரு பிடிக்குது" என்றார்.

போய்ப் பார்த்தேன். முறுக்கு பிழியும் இயந்திரத்தின் வாயில் பொருத்தும் வட்டத் தகடு அது. உள்ளங்கை அகலம், எட்டு மில்லிமீட்டர் கனம், ஏழு நட்சத்திரத் துளைகள். பழைய தகடு பித்தளை. பல வருடம் உழைத்துத் தேய்ந்துவிட்டது, முறுக்கில் முள் விழவில்லை. அந்தப் பழைய தகட்டையே ஒரு பட்டறையில் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு" என்று அக்கா சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரரும் ஏமாற்றவில்லை. அளந்தார், சாதாரண இரும்பில் வெட்டினார், மேலே முலாம் பூசினார், 380 வெள்ளி வாங்கிக்கொண்டார். ஆனால் சின்னத் துளையின் உள்ளே முலாம் சரியாக ஏறாது. தினமும் உப்பு மாவு, தினமும் தண்ணீர்க் கழுவல். இரண்டே வாரத்தில் துளைக்குள் செம்பழுப்பு நிறம். ஒரு நாள் சுட்ட முறுக்கு மொத்தத்தையும் அக்கா குப்பையில் கொட்டினார்.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "சாப்பாட்டுப் பொருளுக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றாராம். அக்காவுக்குக் கோபம். எனக்கோ அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அக்கா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு தாள் இல்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன்.

கடையில் வாங்க முடியாத ஒரு பாகத்தை, கேட்கும் அளவில், கேட்கும் உலோகத்தில் செய்து கொடுப்பது ஈப்போவுக்குப் புதிதல்ல. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம்தான் இந்தத் தொழிலை இங்கே வளர்த்தது. லம்போங்கில் மணலையும் கல்லையும் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி மேலே ஏற்றும் பம்பு இருக்கும். கல் மோதி மோதி அதன் உள்சக்கரம் சீக்கிரமே தேய்ந்துவிடும். புதியது கப்பலில் வரும்வரை லம்போங் காத்திருக்க முடியுமா? பக்கத்திலேயே வார்த்துக் கடைந்து கொடுக்க ஆள் வேண்டும். அப்படித்தான் இங்கே வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் முளைத்தன. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் நிற்கும் ஈயக்கப்பலைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடியது, எடை 4,500 டன். அடுத்த முறை போனால் அந்த வாளிச் சங்கிலியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒவ்வொரு வாளியின் உதடும், ஒவ்வொரு இணைப்பின் ஆணியும் தேயும் பொருள். தேய்ந்ததை மாற்றும் வேலை ஒரு நாளும் நின்றிருக்காது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்போங்குகள் மூடின. ஆனால் பட்டறைகள் எல்லாமே மூடிவிடவில்லை. பம்புச் சக்கரம் வார்த்த இடத்தில் செம்பனை ஆலைக்கும் கல் உடைக்கும் குவாரிக்கும் பாகம் செய்தார்கள். பிறகு சிப் தொழிற்சாலைகள் வந்தன. ஈப்போவில் கார்செம், சிம்பாங் பூலாயில் யுனிசெம் என்ற பெயர்கள் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒரு அக்காவோ தங்கையோ அங்கே ஷிப்டு வேலை பார்த்திருப்பார். சிப்பைப் பிடிக்கும் சின்னத் தாங்கிகள், பொருத்தும் சட்டங்கள், அடுக்கும் தட்டுகள் எல்லாம் அந்தந்த இயந்திரத்துக்கென்று தனியாகச் செய்ய வேண்டியவை. மெங்லெம்பு, லஹாட், ஜெலாப்பாங் பக்கம் தகரக் கொட்டகைக்குள் கணினி கடைசல் இயந்திரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதில் ஒரு பங்கு இந்த மாதிரி வேலைதான்.

எங்கள் குடும்பம் இந்தத் தொழிலுக்கு வந்தது ஈயத்தின் வழியாக அல்ல, பால்மரத்தின் வழியாக.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோரில் பிட்டர். ஸ்டோர் என்றால் இப்போதைய பிள்ளைகள் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பால் வந்து சேரும் ஆலைக்குத்தான் தோட்டத்தில் அந்தப் பெயர். வாளியில் வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளைகளுக்கு நடுவே பலமுறை விட்டுத் தண்ணீரைப் பிழிந்து, கடைசி உருளையில் வரி பதித்துப் புகைக்கூண்டில் தொங்கவிடுவார்கள். அந்த வரி அழகுக்கு இல்லை. வரி இருந்தால் காற்றும் புகையும் படும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும், ஒரு தகடு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளாது. வரி உருளை தேய்ந்தாலோ அதன் பற்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தாலோ, காலையில் வெட்டிய பால் மாலைக்குள் ஸ்டோரிலேயே நாற ஆரம்பித்துவிடும்.

உடைந்தால் அப்பாதான் ஓடுவார். உடைந்த துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஈப்போவுக்கு வருவார். பெரிய பாகமாக இருந்து கழற்ற முடியவில்லை என்றால், காலிப்பரை அதன்மேல் வைத்து, இரண்டு காலும் லேசாக உரசும் இடத்தில் நிறுத்தி, திருகை இறுக்கி, அசையாமல் துணியில் சுற்றி எடுத்து வருவார். கடைசல்காரர் அதே காலிப்பரைத் தன் வேலையின்மேல் வைத்துப் பார்த்துக் கடைவார். எத்தனை மில்லிமீட்டர் என்று இருவருக்குமே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அளவு கையிலேயே பயணம் செய்தது. சின்ன வயதில் அந்தக் காலிப்பரை நான் எடுத்து விளையாடி, ஒருமுறை திருகைத் தளர்த்திவிட்டேன். அன்று வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

எண்பதுகளில் தோட்டம் செம்பனைக்கு மாறியது. ஸ்டோர் மூடப்பட்டது. இருபத்தைந்து வருடம் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்ன மனிதர், ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பம் எழுதினார். எழுதியது நான்தான், அப்போது இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். "சான்றிதழ்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோடு போட்டுடு" என்றார். காவலாளி வேலை கிடைத்தது.

அவரிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அது எந்தத் தாளிலும் இல்லை, அவ்வளவுதான். நான் மெங்லெம்புவில் கடைசல் பழகி முப்பது வருடம் பட்டறைகளில் கழித்த பிறகு, எங்கே எந்த வேலையைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வியாகிவிட்டது: இதன் வரைபடம் யார் கையில் இருக்கிறது?

அக்காவின் தகட்டுக்குத் திரும்புவோம். அக்காவின் தங்கை மகன் பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். "படம் வரையத் தெரியுமா?" என்றேன். "தெரியும் அங்கிள், மூணு செமஸ்டர் படிச்சேன்" என்றான். ஒரு வெர்னியரைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

முதல் படம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கனம் எழுதவில்லை. எந்த உலோகம் என்று எழுதவில்லை. எல்லா அளவுக்கும் கூட்டிக் குறைக்கும் எல்லை 0.01 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தான். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 0.05லிருந்து 0.1 வரை வரும். முறுக்குத் தகட்டுக்கு எதற்கு அவ்வளவு துல்லியம்? பள்ளிக்கூடத்தில் அப்படிப் பழகிவிட்டதாகச் சொன்னான். அந்த ஒரு எண்ணுக்காகவே பட்டறை விலையை இரண்டு மடங்காக்கும். அளந்து அளந்து வெட்ட வேண்டும், ஒன்று தவறினால் தூக்கிப் போட வேண்டும். இயந்திர வாயில் உட்காரும் வெளிவட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் இறுக்கமான எல்லை, மற்றதற்கெல்லாம் 0.1 போதும் என்று மாற்றினோம். உலோகம்: 304 துருப்பிடிக்காத எஃகு. பயன்பாடு: உணவு. விளிம்புகளில் பிசிறு இருக்கக்கூடாது.

நட்சத்திரத் துளையைத் துளைப்பானால் போட முடியாது. அதற்குக் கம்பி வெட்டு வேண்டும். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பி ஒன்று தண்ணீருக்குள் மின்பொறி விட்டுக்கொண்டே எஃகை அரித்து வெட்டும், தொடாமலே வெட்டும். மூடிய துளை என்றால் முதலில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுக் கம்பியை அதற்குள் கோக்க வேண்டும். ஏழு துளை என்றால் ஏழு முறை கோக்க வேண்டும். கம்பி உருண்டையானது என்பதால் நட்சத்திரத்தின் உள்மூலை ஊசி போல் கூராக வராது, இம்மியளவு வளைவு இருக்கும். "முள் நல்லா வருமா?" என்று அக்கா கவலைப்பட்டார். மாவு வெளியே வந்ததும் கொஞ்சம் விரியும், தெரியாது என்றேன்.

அந்த ஒரே படத்தை மூன்று பட்டறைக்கு அனுப்பினோம். 420, 450, 690 வெள்ளி என்று மூன்று விலை வந்தது. படம் இல்லாமல் மூன்று இடத்தில் விலை கேட்டால், மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்வார்கள். மலிவானது எது என்றே நமக்குத் தெரியாது. 450 சொன்னவர் மட்டும் போன் போட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எட்டு மில்லிமீட்டர் கனம் முழுவதும் நட்சத்திரமாக வேண்டுமா? பின்பக்கம் ஐந்து மில்லிமீட்டருக்குப் பெரிய வட்டத் துளை போட்டுவிட்டால், மாவு உரசும் தூரம் குறையும். மோட்டாருக்கும் சுமை குறையும்." நாங்கள் யோசிக்காத விஷயம். அவருக்கே கொடுத்தோம். கேள்வி கேட்கும் பட்டறை கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் பல வருட வழக்கம்.

ஒரு தகட்டுக்கு 450 வெள்ளியா என்று அக்கா மலைத்தார். நியாயமான மலைப்புதான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பாகத்துக்கு நிரல் எழுதி, இயந்திரத்தில் பிடித்து, முனை பார்த்துத் தயார் செய்ய மூன்று மணி நேரம். வெட்டப் பத்தே நிமிடம். இயந்திர நேரம் மணிக்கு 60 வெள்ளி, உலோகம் 15 வெள்ளி. ஒன்றே ஒன்று செய்தால் தயாரிப்புக்கு 180, வெட்ட 10, உலோகம் 15, ஆக மொத்தம் 205 வெள்ளி. அதையே நூறு செய்தால், அந்த 180 நூறாகப் பிரிந்து ஒன்றுக்கு 1.80 வெள்ளி ஆகிவிடும். ஒரு பாகம் 26.80 வெள்ளிதான். அதனால் ஒன்று கேட்பவர் இரண்டாகக் கேளுங்கள், ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். அக்கா இரண்டு எடுத்தார். இரண்டாவதற்குப் பாதிக்கும் குறைவாகவே வந்தது.

பிளாஸ்டிக்கில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அக்காவுக்கு நீண்ட நாள் ஆசை ஒன்று உண்டு: ஐந்து வகைப் பலகாரத்தைத் தனித்தனிக் குழியில் அடுக்கும் தட்டு, தன் கடைப் பெயரோடு. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தும் முறைக்கு எஃகு அச்சு வேண்டும். அதற்குப் பல ஆயிரம், சில நேரம் பத்தாயிரக்கணக்கில் போகும். லட்சம் தட்டு விற்பவருக்கு அது சரி. நம் அக்காவுக்கு வேறு வழி இருக்கிறது. சூடான சட்டி பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் மூடி நெளிந்து இளகுமல்லவா? அதே போல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் இளக்கி, அச்சின்மேல் விரித்து, கீழே சின்னத் துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சினால், தாள் அச்சோடு அப்படியே படிந்துகொள்ளும். வெற்றிட வார்ப்பு. அச்சு ஒரு பக்கம் மட்டும்தான், அலுமினியத்தில் செய்தால் போதும், சோதனைக்கு மரத்தில்கூடச் செய்யலாம். குழி ஆழமானால் மூலைகளில் தாள் மெலிந்துவிடும், சுவர் கொஞ்சம் சாய்வாக இல்லாவிட்டால் அச்சிலிருந்து கழன்று வராது. இந்த இரண்டையும் படம் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சுக்குப் பணம் கட்டியது நாம், அச்சு இருப்பது அவர்கள் இடத்தில். அடுத்த வருடம் விலையை ஏற்றினால், அச்சை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம் என்று நினைப்போம். "எந்த அச்சு? நீங்கள் கட்டியது அச்சுச் செலவில் ஒரு பங்குதானே" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சாம்பிராணி வியாபாரி இப்படி இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் புது அச்சே போட்டார். ஆர்டர் கொடுக்கும்போதே ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: அச்சும் அதன் வரைபடமும் வாடிக்கையாளருக்குச் சொந்தம், கேட்டால் திருப்பித் தர வேண்டும். மறுப்பவர் இருந்தால் அவர் யாரென்று முதல் நாளே தெரிந்துவிடும்.

தகடு வெட்டி வளைத்து ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குப் போகும் காவடிகளைப் பாருங்கள். எடை தோளில் சமமாக இறங்கவும், ஆடும்போது ஒட்டு விடாமல் இருக்கவும் அந்தக் குழாய்களை வளைத்து ஒட்டுகிறவர்கள் ஒரு படமும் இல்லாமல் செய்கிறார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே பையன் தொழிற்சாலைக்குப் போய், "ஒட்டு வேலை தெரியும்" என்று வாயால் சொன்னால், என் அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்பும் பெற்றோருக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். ஒரே இயந்திரத்தின் முன்னால் நான்கு படி இருக்கிறது. பொருளை வைத்துப் பொத்தானை அழுத்துபவர், இயந்திரத்தைத் தயார் செய்பவர், நிரல் எழுதுபவர், பாகத்தையே வடிவமைப்பவர். முதல் படியில் சேருபவர்களில் பலர் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை ஒட்டித்தான் தொடங்குகிறார்கள். தொடங்குவதில் தப்பில்லை. ஐந்து வருடம் கழித்தும் அங்கேயே நிற்பதுதான் பிரச்சினை. நேர்காணலில் சம்பளம் கேட்கும் அதே தைரியத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: "ஆறு மாதம் கழித்து நானே முனை அளவைத் திருத்த விடுவீர்களா? வரைபடம் என் கைக்கு வருமா, இல்லை பொத்தான் மட்டும்தானா?" மழுப்பினால் அங்கே படி கிடையாது.

படிக்க இடம் இல்லை என்று பேராக்கில் யாரும் சொல்ல முடியாது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் சரியாக வராத பிள்ளைக்கு ஈப்போவிலேயே தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே பயிற்சி பெறும் திட்டமும் உண்டு. ஏற்கெனவே பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு வழி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டி எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம். திறன் மேம்பாட்டுத் துறை அதைப் பி.பி.டி. என்கிறது. வகுப்பில் உட்கார வேண்டாம். செய்த வேலைகளின் படம், விவரம், முதலாளியின் உறுதிக் கடிதம் ஆகியவற்றைக் கோப்பாகச் சேர்த்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். நான் என் நாற்பத்தாறாவது வயதில் அப்படித்தான் வாங்கினேன். கோப்பைத் தயாரிக்க ஏழு மாதம் ஆனது, ஏனென்றால் நான் செய்த வேலை எதையும் அதுவரை நான் படம் எடுத்து வைத்ததில்லை. இன்றைக்கே போனில் எடுத்து வையுங்கள். ஆனால் வாடிக்கையாளரின் வரைபடத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது உங்கள் சொத்து அல்ல, வேலை போய்விடும்.

தகடு பன்னிரண்டாம் நாள் வந்தது. அக்கா முதல் ஈடு பிழிந்தபோது நான்கு பேர் சட்டியைச் சுற்றி நின்றோம். முள் விழுந்தது. வரைபடத்தை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடை லைசென்ஸ் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பையன் அதற்குள் ஓமப்பொடித் தகட்டைக் கழற்றி வெர்னியரால் அளந்துகொண்டிருந்தான். "கனத்தை எழுதிட்டியா?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, திரும்பவும் அளக்க ஆரம்பித்தான்.